கரைக்கு வந்த குரல்: வில்லியனூர்க் கணினிகளின் ஒலி வரலாறு

தமிழ்க் கணிமையின் வரலாறு இதுவரை எழுத்தின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. எழுத்துரு, விசைப்பலகை, குறியேற்றம் ஆகிய மூன்றையும் சுற்றியே நம் நினைவுகள் அமைந்திருக்கின்றன. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாடு, அங்கு உருப்பெற்ற தமிழ்99 விசைப்பலகை, தாம், தாப், தஸ்கி என்று ஒன்றோடொன்று பேச மறுத்த குறியேற்றங்கள், பிறகு அனைத்தையும் அடக்கிக்கொண்ட யூனிகோடு என்று அந்தக் கதை நீள்கிறது. எழுதுவோரும் வாசிப்போருமே இதை எழுதினார்கள் என்பதால் இப்படி அமைந்ததில் வியப்பில்லை. ஆயினும் அதே ஆண்டுகளில் கணினிக்குக் காதும் வாயும் முளைத்தன. எழுத்தறியாத தமிழனிடம் அது பேசத் தொடங்கியது அவ்வழியேதான். அவ்வாறு பேசிய இடங்களுள் முதன்மையான ஒன்று சென்னையோ பெங்களூரோ அன்று. புதுச்சேரி நகருக்கு மேற்கே உள்ள வில்லியனூர் அது.

வில்லியனூரை நம் வாசகர்களில் பலர் திருக்காமீசுவரர் கோயிலாலும் மாதா கோயிலாலும் அறிந்திருப்பர். புதுச்சேரியின் கிராமப்புறம் இன்றும் பிரெஞ்சுக்காரர் விட்டுச்சென்ற 'கொம்யூன்' என்னும் சொல்லாலேயே பிரித்தறியப்படுகிறது. வில்லியனூர், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம், பாகூர், அரியாங்குப்பம் ஆகியவை அந்தக் கொம்யூன்கள். மேற்கே காட்டேரிக்குப்பம் முதலிய ஊர்களில் நிலம் உழுவோரும் கிழக்கே கடற்கரைக் குப்பங்களில் வலை இழுப்போரும் வாழும் இந்நிலப்பரப்பு, பட வரைபடத்தில் தமிழ்நாட்டுக்குள் சிதறிய துண்டுகளாகத் தெரியும். தொலைபேசிக் கம்பியும் அப்படித்தான் துண்டு துண்டாக வந்து சேர்ந்தது. 1990களின் இறுதியில் பல ஊர்களுக்கு ஒன்றிரண்டு பொதுத் தொலைபேசிகளே இருந்தன. அவற்றிலும் மழைக்காலத்தில் இரைச்சலே மிகுதியாகக் கேட்கும்.

இங்கேதான் 1998 சனவரியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தன் 'தகவல் கிராம' ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கியது. கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆய்வு மையம் பொருளுதவி செய்தது. பொருளறிவியல் பயின்ற வி. பாலாஜியும் தகவலியல் அறிஞர் சுப்பையா அருணாசலமும் திட்டத்தின் சிந்தனைக்கு வடிவம் கொடுத்தோருள் முக்கியமானவர்கள். வில்லியனூரில் ஒரு நடுவம். அதைச் சுற்றிக் கீழூர், எம்பலம், வீராம்பட்டினம், பூரணாங்குப்பம், கலிதீர்த்தாள்குப்பம், நல்லவாடு போன்ற ஊர்களில் அறிவு மையங்கள். ஊரார் இடத்தைத் தரவேண்டும். மையத்தை நடத்த ஊரிலிருந்தே தன்னார்வலர்கள் வரவேண்டும். சாதி, பால் வேற்றுமையின்றி எவரும் உள்ளே வரலாம் என்று ஊர் ஒப்புக்கொள்ள வேண்டும். கருவிகளையும் பயிற்சியையும் நிறுவனம் தரும். தன்னார்வலர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

கீழூர் என்றதும் வரலாற்று வாசகருக்கு வேறொன்று நினைவுக்கு வரும். 1954 அக்டோபர் 18 அன்று பிரெஞ்சிந்தியப் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, 170க்கு 8 என்ற கணக்கில் இந்தியாவோடு இணைய வாக்களித்த ஊர் அது. அன்று கையுயர்த்தியோ சீட்டெழுதியோ சொன்ன ஊர்ப்புறம், நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழித்துக் கம்பியில்லாக் கருவியின் வழியே பேசத் தொடங்கியது என்று எழுதத் தோன்றுகிறது. இது வெறும் அணிநயம்தான், விட்டுவிடலாம்.

எம்பலத்தில் மையம் அமைந்தது ஒரு கோயில் வளாகத்தில். 2000 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் இவ்வூரைப் பற்றி எழுதியபோது அக்கோயிலுக்கு இரண்டு வாயில்கள் இருப்பதைக் கவனித்திருந்தது. ஒரு வாயிலுக்குள் தலித் மக்களும் மாதவிலக்கான பெண்களும் செல்ல முடியாது. கணினி இருந்த மற்றொரு வாயிலுக்குள் எவரும் செல்லலாம். வெளிநாட்டு இதழாளர்களுக்கு இத்தகைய முரண்கள் எளிதில் வாய்த்துவிடுகின்றன என்று நாம் சலித்துக்கொள்ளலாம். ஆனால் ஒரே சுவரில் இரண்டு வாயில்கள் இருந்தது உண்மை. இரண்டாம் வாயில் திறந்திருந்தது ஒப்பந்தத்தினால் என்பதும் உண்மை.

இனி கருவிக்கு வருவோம். அன்றைய கணினி எவ்வாறு ஒலியைக் கேட்டது, எவ்வாறு பேசியது என்பதை அறியாமல் வில்லியனூரில் நடந்ததன் அருமை விளங்காது.

ஒலி என்பது காற்றழுத்தத்தின் ஏற்ற இறக்கம். ஒலிவாங்கி அதை மின்னழுத்தமாக மாற்றுகிறது. அந்த மின்னழுத்தத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாகக் குறித்துக்கொண்டே போனால் ஒலி எண்வரிசையாகிவிடும். தொலைபேசித் தரத்துக்கு நொடிக்கு 8,000 அளவுகள் போதும். குறுந்தகட்டின் இசைக்கு 44,100 வேண்டும். தொல்காப்பியர் மாத்திரையை அளக்கக் கண்ணிமைப்பையும் கைநொடிப்பையும் கொண்டார். இயல்பான பேச்சில் ஒரு குறில், நொடியில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு நிற்கிறது என்று கொண்டால், தொலைபேசித் தரத்தில்கூட அந்தக் குறில் 800 எண்களாகிவிடுகிறது. இவ்வளவு எண்களையும் வரும் வேகத்திலேயே பெருக்கிக் கூட்டி வடிகட்டுவது அன்றைய பொதுச் செயலிகளால் ஆகக்கூடிய காரியமன்று. அதற்கென்றே பிறந்தது குறிகைச் செயலி. டிஎஸ்பி என்று சுருக்கமாக வழங்கும் தனிச் சில்லு அது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1983ல் சந்தைக்குக் கொண்டுவந்த டிஎம்எஸ்32010ம், பின்னர் மோட்டோரோலாவின் 56001ம் இவ்வகையில் பேர்பெற்றவை. பின்னது 1988ல் ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் கணினியிலும், 1992ல் அட்டாரி ஃபால்கன் என்னும் வீட்டுக் கணினியிலும் இடம்பெற்றது. ஃபால்கனை வாங்கிய ஐரோப்பிய இளைஞர்கள் பெருஞ்செலவில்லாமல் வீட்டிலேயே பல தடங்களில் இசைப்பதிவு செய்தார்கள்.

நம்மூர் வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் வந்தது வேறொரு வழி. சிங்கப்பூரில் சிம் வோங் ஹூ 1981ல் தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனம் 1989ல் சவுண்ட் பிளாஸ்டர் என்னும் ஒலி அட்டையை வெளியிட்டது. அதன் நடுச்சில்லுக்கும் 'டிஎஸ்பி' என்றே பெயர் வைத்தார்கள். பெயர் பெரிது. உண்மையில் அது இன்டெலின் 8051 குடும்பத்தைச் சேர்ந்த எளிய நுண்கட்டுப்பாட்டுச் சில்லுதான், ஒற்றைத் தடத்தில் 8 பிட் ஒலியை மட்டுமே பதியும். வணிகர்களின் பெயர்சூட்டலில் இத்தகைய தாராளம் புதிதல்ல. 1992ல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் 16 குறுந்தகட்டின் தரத்தை எட்டியது. அதற்குப் பிறகு 'மல்டிமீடியா' கணினி என்றால் ஒலி அட்டையும் குறுந்தகட்டு இயக்கியும் இரண்டு சிறு ஒலிபெருக்கிகளும் சேர்ந்தது என்று ஆயிற்று. சென்னை ரிச்சி தெருவில் உதிரிகளை வாங்கிப் பூட்டிய கணினிகளிலும் இந்த அட்டை தவறாமல் இடம்பெற்றது.

ஒலியைப் பதிவது ஒரு பாதி. தொலைவுக்கு அனுப்புவது மறுபாதி. மோடம் செய்யும் வேலையும் அடிப்படையில் ஒலி வேலையே. கணினியின் எண்களை அது சீழ்க்கையாக்கித் தொலைபேசிக் கம்பியில் ஊதுகிறது. மறுமுனையில் இருப்பது அந்தச் சீழ்க்கையைக் கேட்டு மீண்டும் எண்ணாக்குகிறது. 1990களின் நடுவில் இணையத்துக்குள் நுழைந்த எவரும் அந்தக் கீச்சொலியை மறந்திருக்க முடியாது. பதிவதும் அனுப்புவதும் ஒரே கணக்கின் இரு முகங்கள் என்பதால், ஒரே சில்லிடம் இரண்டையும் ஒப்படைக்கலாம் என்று ஐபிஎம் கருதியது. அதன் எம்வேவ் சில்லு ஒலி அட்டையாகவும் மோடமாகவும் தொலைபேசியில் செய்தி பதியும் கருவியாகவும் வேலை செய்தது. ஆனால் வேகமாகத் தரவு அனுப்பிக்கொண்டிருக்கும்போது அதற்கு ஒலியைக் கவனிக்கப் போதிய நேரம் இருப்பதில்லை. பேசும்போது காது அடைத்துக்கொள்ளும் மனிதர்களை நாமும் அறிவோம். விரைவிலேயே பொதுச் செயலிகளின் வேகம் கூடிவிட்டது. 1997ல் இன்டெல் தன் பென்டியத்தில் எம்எம்எக்ஸ் ஆணைகளைச் சேர்த்த பிறகு, தனிச் சில்லு செய்த பணியில் பெரும்பகுதி நடுச்செயலிக்குள்ளேயே கரைந்துபோனது.

வில்லியனூர்த் திட்டம் தொடங்கியது இந்தத் திருப்பத்தில்தான். நடுவத்துக்கு வெளியுலகோடு தொடர்பு தொலைபேசிக் கம்பியில் டயல் செய்து பெற்ற இணையம். கிராமங்களுக்குக் கம்பியை நம்ப முடியாததால் மோட்டோரோலாவின் மீயுயர் அலைவெண் இருவழி வானொலிகளைக் கொண்டு வலையமைத்தார்கள். காவல்துறையினரும் டாக்சி நிறுவனங்களும் பேசுவதற்குப் பயன்படுத்தும் வகையைச் சேர்ந்தவை அவை. அவற்றின் வழியே குரலும் சென்றது, கணினித் தரவும் சென்றது. மின்வெட்டுக்கு ஈடுகொடுக்கச் சூரிய மின்பலகைகள் இருந்தன. பேச்சுக்கென்று செய்த கருவியில் தரவை ஏற்றிய இந்த உத்திக்காக 1999ல் மோட்டோரோலாவின் தங்க விருது திட்டத்துக்குக் கிடைத்தது. 2001ல் ஸ்டாக்ஹோம் சவால் விருதும் வந்தது.

இங்கே ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நன்று. பேச்சு வானொலியின் அலைத்தடத்தில் நொடிக்கு 9,600 பிட் போகும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஒரு நிமிடப் பேச்சைத் தொலைபேசித் தரத்தில் பதிந்தால் 4,80,000 பைட், அதாவது 38,40,000 பிட். அதை அனுப்ப 400 நொடி ஆகும், ஏறத்தாழ ஏழு நிமிடம். அதே செய்தியை எழுத்தாக அனுப்பினால், ஒரு நிமிடத்தில் வாசிக்கக்கூடிய நூறு சொற்களும் அன்றைய ஒற்றை பைட் எழுத்துருவில் ஓராயிரம் பைட்டுக்குள் அடங்கிவிடும். ஒரு நொடிகூட ஆகாது. குரலைவிட எழுத்து நானூறு மடங்குக்கு மேல் மலிவு. இந்தக் கணக்கு மட்டுமே உலகை ஆண்டிருந்தால் கிராம மையங்களில் ஒலிக்கு இடமே இருந்திருக்காது.

இக்கணக்கைச் சுருக்கும் கலை அன்றைக்கே வளர்ந்திருந்தது. அதில் ஓர் இந்தியரின் பங்கு பெரிது என்பதால் சற்று நிற்போம். கான்பூரில் பிறந்து பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய பிஷ்ணு அடல், மான்ஃபிரெட் ஷ்ரோடருடன் சேர்ந்து 1967 முதல் வளர்த்தெடுத்த முறைக்கு ஒருபடி முன்கணிப்புக் குறியீடு என்று பொருள் சொல்லலாம். ஜப்பானில் இடாகுராவும் சைட்டோவும் அதே காலத்தில் தனியே அதை வந்தடைந்தனர். அதன் அடிக்கருத்து அழகானது. காற்றில் பரவும் அலையை அப்படியே வைத்துக்கொள்ளாதே, அலை பிறந்த இடத்தைக் குறித்துக்கொள் என்கிறது அது. குரல்வளையின் துடிப்பு ஒன்று, அதன் மேல் தொண்டையும் நாவும் அண்ணமும் இதழும் சேர்ந்து கொள்ளும் வடிவம் ஒன்று. இவ்விரண்டையும் சில எண்களால் சொல்லிவிட்டால் மறுமுனையில் இருக்கும் சில்லு அக்குரலை மீண்டும் பிறப்பித்துக்கொள்ளும். நொடிக்கு 2,400 பிட் போதும், நம் ஒரு நிமிடப் பேச்சு பதினைந்தே நொடியில் போய்ச் சேர்ந்துவிடும். தொல்காப்பியத்தின் பிறப்பியலை வாசித்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நின்று, பல்லும் இதழும் நாவும் மூக்கும் அண்ணமும் பொருந்தும் விதத்தால் வெவ்வேறு எழுத்தாகிறது என்பதே அவ்வியலின் பொருள். தொல்காப்பியரே சில்லு செய்தார் என்று கிளம்புவோரோடு நமக்கு உடன்பாடு இல்லை. எழுத்தை அதன் வடிவத்தால் அன்றிப் பிறப்பால் அறியலாம் என்ற பார்வை இரு இடங்களிலும் தோன்றியிருக்கிறது, அவ்வளவே. இன்று நம் கைபேசிகளில் ஓடும் குரலில் பெரும்பகுதி இந்த முறையின் வழித்தோன்றல்களால்தான் சுருக்கப்படுகிறது.

குறுகிய அலைத்தடத்தில் தமிழ் என்னவாகிறது என்பதும் நம் போன்றோருக்குரிய கேள்வி. தொலைபேசி ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளையே விடும், இருவழி வானொலியும் அதையொத்ததே. ஸகரத்தின் சீறல் பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பதால் அடிபட்டுப்போகும். பெயர்களைத் தொலைபேசியில் சொல்லும்போது எழுத்துக் கூட்டிச் சொல்ல நேர்வது அதனால்தான். ஆனால் நா மடிந்து பிறக்கும் ழகரத்தின் அடையாளம் மூன்றாம் ஒத்திசைவு கீழிறங்குவதில் இருக்கிறது, அது இந்த எல்லைக்குள்ளேயே அடங்குகிறது. ஆகவே மழையும் அலையும் ஒன்றோடொன்று குழம்பாமல் வந்து சேரும். சொல்வோர் ழகரத்தைச் சரியாக ஒலித்தால்.

வீராம்பட்டினத்துக்கு வருவோம். அரிக்கமேட்டுக்கு அண்டையில், செங்கழுநீர் அம்மன் கோயிலும் ஆடித் தேரும் கொண்ட பெரிய மீனவ ஊர். ரோமானிய மதுச்சாடிகள் வந்திறங்கிய கரையில் கட்டுமரமும் ஃபைபர் படகும் நின்றன. இங்குள்ளோருக்கு அரசுத் திட்டங்களின் பட்டியலைவிட, நெல் விலையைவிடத் தேவைப்பட்டது ஒன்றே: நாளை கடல் எப்படி இருக்கும்? வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றைப் பெயரிட்டு அறிந்தவர்களுக்கு அறிவு குறைவென்று பொருளன்று. கரையில் நின்று காண இயலாத தொலைவில் எழும் அலையைப் பற்றிய செய்தி அவர்களிடம் இல்லை. அச்செய்தி அமெரிக்கக் கடற்படையின் வானிலை இணையதளத்தில் இருந்தது. வங்கக்கடலின் அலை உயரத்தையும் காற்றின் திசையையும் ஒருநாள் முன்கூட்டியே வரைபடமாக அது வெளியிட்டுவந்தது. திட்டத்தினர் அதை இறக்கி, தமிழாக்கி, வீராம்பட்டின மையத்திலிருந்து குரலாக்கினார்கள். கரையோரக் கம்பங்களில் கட்டியிருந்த ஒலிபெருக்கிகள் அதை வலை பின்னிக்கொண்டிருந்தோர் செவிக்குக் கொண்டுசென்றன.

பசிபிக்கில் எங்கோ போர்க்கப்பல் செலுத்துவதற்காகச் செய்த கணிப்பு, ஆங்கில எண்ணாகவும் நிறமாகவும் இருந்தது, ஒரு குப்பத்தின் மணலில் தமிழ்க் குரலாக விழுந்தது. இந்தச் சங்கிலியில் எழுத்தின் மலிவும் குரலின் விலையும் எங்கே பிரிந்தன என்று கவனியுங்கள். தொலைவைக் கடக்கும்வரை எண்ணும் எழுத்தும் படமும். கடைசி நூறு கஜத்தில் குரல். எழுத்தைக் குரலாக்கும் மென்பொருள் அன்று தமிழுக்குப் பயன்படும் நிலையில் இல்லை. சென்னை ஐஐடியிலும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் அது வளர்ந்து பழுத்தது பின்னாளில். எனவே அந்த மாற்றத்தைச் செய்தது வாசிக்கத் தெரிந்த ஊர்க்காரர் ஒருவரின் வாய்தான். அடல் எண்களால் விவரிக்க முயன்ற அதே தொண்டையும் நாவும் அண்ணமும்.

ஏன் ஒலிபெருக்கி, ஏன் வானொலி ஒலிபரப்பு அன்று என்று கேட்கலாம். காரணம் சட்டம். 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டமும் 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டமும் அலைகளை அரசின் உடைமையாகவே வைத்திருந்தன. அலைவரிசைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்த பிறகும், கல்வி நிறுவனங்களுக்குச் சமுதாய வானொலி நடத்த வழிபிறந்தது 2002ல். அண்ணா பல்கலைக்கழகத்தின் வானொலி 2004 பிப்ரவரியில் ஒலித்தது. தொண்டு நிறுவனங்களுக்கு அவ்வுரிமை கிடைக்க 2006 ஆயிற்று. உரிமம் பெற்ற இருவழி வானொலியில் மையமும் மையமும் பேசிக்கொள்ளலாம், ஊரார் எல்லோரும் வீட்டுப் பெட்டியில் கேட்கும்படி ஒலிபரப்ப முடியாது. கோயில் திருவிழாவுக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் ஊரில் பழகிய கூம்பு ஒலிபெருக்கிக்கு அத்தகைய தடை இல்லை. இலங்கையின் மலையகத்தில் கொத்மலைச் சமுதாய வானொலி, யுனெஸ்கோ துணையோடு அதே ஆண்டுகளில் நேயர் கேட்கும் வினாக்களுக்கு இணையத்தில் விடைதேடி ஒலிபரப்பிலேயே சொல்லிவந்தது. புதுச்சேரிக்காரர்கள் அந்த வசதி இல்லாத குறையைக் கம்பத்தில் கட்டிய கூம்பால் நிறைத்தார்கள். ஒலிபெருக்கிக்குக் கேட்போனைத் தேர்ந்தெடுக்கும் திறன் கிடையாது என்பது இரைச்சல் மிகுந்த ஊர்களில் குறை. வீராம்பட்டினக் கரையில் அதுவே நிறை: எழுத்தறிந்தவருக்கு ஒன்று, அறியாதவருக்கு ஒன்று என்று அது பிரித்துப் பேசவில்லை. எம்பலத்தின் இரண்டாம் வாயிலைப் போல.

2002ல் வில்லியனூரிலிருந்து 'நம்ம ஊரு செய்தி' என்ற சிற்றிதழும் வெளிவரத் தொடங்கியது. எழுத்து தனக்குரிய இடத்தை எடுத்துக்கொண்டது என்று சொல்லலாம். சிற்றிதழ் வாசகர்களாகிய நமக்கு அதில் தனி மகிழ்ச்சி உண்டு. எனினும் ஒலியின் பக்கம் நடந்ததே பின்னர் உயிர்களோடு தொடர்புகொண்டது.

2004 டிசம்பர் 26 காலை 6.29 மணிக்குச் சுமத்திராவுக்கு அருகே கடலடி நிலம் பிளந்தது. தமிழகக் கரையை அலை தொட்டது இரண்டரை மணி நேரம் அளவில் கழித்துத்தான். அந்த இடைவெளியில் இந்தியாவில் எந்த அலுவலகமும் எந்தக் கரைக்கும் எச்சரிக்கை அனுப்பவில்லை, அனுப்பும் அமைப்பே அன்று இல்லை. நல்லவாட்டைச் சேர்ந்த ஓர் இளைஞர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். தொலைக்காட்சியில் செய்தியைக் கண்டு வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தார். கடல்நீர் ஊருக்குள் வருவதாக வீட்டார் சொன்னதும், ஊரை வெளியேறச் சொல்லுமாறு கூறினார். ஊரார் அறிவு மையத்தின் கதவை உடைத்தார்கள். உள்ளே இருந்த ஒலிபெருக்கியில் எச்சரிக்கை ஒலித்தது. ஏறத்தாழ 3,600 பேர் கொண்ட அவ்வூரில் வீடுகள் 150 அளவிலும் படகுகள் 200 அளவிலும் அழிந்தன என்று அந்நாளைய செய்திகள் கூறின. மக்கள் தப்பினர். அதே நாளில் காரைக்காலையும் சேர்த்துப் புதுச்சேரி ஒன்றியப் பகுதி ஏறத்தாழ 600 பேரை இழந்தது.

இந்நிகழ்ச்சியை 'தொழில்நுட்பம் காத்த ஊர்' என்று பலரும் எழுதிவிட்டனர். எந்தத் தொழில்நுட்பம் என்று கேட்டால் விடை அவ்வளவு எளிதன்று. அன்று கணினி இயக்கப்பட்டதற்கான தேவையே எழவில்லை. இணையத்திலிருந்து எதுவும் இறங்கவில்லை. செய்தி வந்தது தொலைபேசியில், பரவியது ஒலிபெருக்கியில். இரண்டும் கணினிக்கு முந்தியவை. ஆனால் அந்த ஒலிபெருக்கி அங்கே நிறுவப்பட்டது கணினியின் செய்தியைக் கரைக்குச் சொல்வதற்காக. கம்பத்திலிருந்து வரும் குரல் கடலைப் பற்றி மெய்யே சொல்லும் என்று கரையோர மக்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டுப் பழகியிருந்தார்கள். பூட்டிய அறைக்குள் எது இருக்கிறது, எதைத் திருகினால் ஊர் முழுதும் கேட்கும் என்று பலருக்குத் தெரிந்திருந்தது. நாள்தோறும் அலை உயரம் சொன்ன சலிப்பூட்டும் அறிவிப்புகள் சேர்த்துவைத்த நம்பிக்கைதான் அன்று செலவானது என்பது நம் கணிப்பு. கதவை உடைக்கும் அளவுக்கு ஒரு கருவியைத் தமதென்று ஊரார் கருதியது, வெளியிலிருந்து வந்த எத்தனை திட்டங்களுக்கு வாய்த்திருக்கிறது?

பின்னர் நடந்தவை விரைவாகச் சொல்லத்தக்கவை. 2004 அக்டோபரிலேயே இஸ்ரோவுடன் இணைந்து திருவையாறு, செம்பட்டி, தங்கச்சிமடம் ஆகிய ஊர்களில் செயற்கைக்கோள் வழி முகம்பார்த்துப் பேசும் மையங்களை நிறுவனம் தொடங்கியிருந்தது. ஐதராபாத்தில் 1999ல் ஏற்பட்ட இந்தியக் கடல்சார் தகவல் மையத்தில் 2007 அக்டோபர் முதல் ஆழிப்பேரலை எச்சரிக்கைப் பிரிவு இயங்குகிறது. அலைக்கணிப்புக்கு அயல்நாட்டுக் கடற்படையின் தளத்தைப் புரட்டவேண்டிய தேவை அதோடு நீங்கிற்று. குவால்காம் நிறுவனத்தின் உதவியோடு மீனவர் கைபேசிக்கே அலை உயரத்தைக் கொண்டுசேர்க்கும் 'ஃபிஷர் ஃபிரெண்ட்' செயலியும் வந்தது. அந்நிறுவனம் கைபேசிகளுக்குச் செய்யும் சில்லுக்குள் ஒரு குறிகைச் செயலி குடியிருக்கிறது. ஒருகாலத்தில் ஃபால்கனில் பெருமையாக விளம்பரம் செய்யப்பட்ட உறுப்பு, இன்று பெயர்கூடத் தெரியாமல் ஒவ்வொரு சட்டைப்பையிலும் குரலைச் சுருக்கிக்கொண்டிருக்கிறது. எம்.எஸ். சுவாமிநாதன் 2023 செப்டம்பர் 28 அன்று காலமானபோது எழுதப்பட்ட அஞ்சலிகள் பசுமைப் புரட்சியை நினைவுகூர்ந்த அளவுக்கு வில்லியனூரை நினைவுகூரவில்லை.

கைபேசிக் கோபுரம் கரையிலிருந்து சில கல் தொலைவுக்குத்தான் எட்டும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் எழுந்தபோது ஆழ்கடலில் இருந்த கன்னியாகுமரி மாவட்ட மீனவர்களுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை, பலர் மீளவில்லை. அதன் பிறகு 2019 அக்டோபரில் 'ஜெமினி' என்ற சிறு கருவி அறிமுகமாயிற்று. செயற்கைக்கோளிலிருந்து வரும் எச்சரிக்கையைப் பிடித்து மீனவரின் கைபேசிக்குத் தாய்மொழியில் அது கொடுக்கும். வந்த செய்தி எழுத்தாகத் திரையில் தோன்றும். ஒருவழிக் கருவி. படகிலிருந்து பதில் சொல்ல அதில் இடமில்லை. வில்லியனூரில் 1998ல் பூட்டிய பழைய வானொலிப் பெட்டிகளில் ஒரு பொத்தான் இருந்தது, அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம்.